நேபாளத்துக்குக் குறுகியகால ஊழியப் பயணம்: சபைக் குழுக்களுக்கான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டுச் சபைகள் வெளிநாட்டு ஊழியம் என்று யோசித்ததும் நேபாளம் நினைவுக்கு வருவது இயல்புதான். இந்தியருக்கு விசா வேண்டாம், செலவு குறைவு, அழைக்கும் சபைகளும் உண்டு. ஆனால் இந்த எளிமைதான் பல குழுக்களைத் தடுக்கி விழ வைக்கிறது. ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ போகிற மாதிரியே ஆதார் அட்டையும் கைப்பிரதிக் கட்டுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நேபாளம் வேறு நாடு, அங்கே சட்டமும் வேறு. நீங்கள் பத்து நாளில் திரும்பிவிடுவீர்கள். நீங்கள் செய்த காரியத்துக்குப் பதில் சொல்லப்போகிறவர் அங்கேயே வாழும் போதகர். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

கணக்கு எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு, போக வர உட்படப் பத்து நாளுக்கு.

முதலில் சட்டம்

2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, தன் மதத்தைப் பின்பற்றும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அதே பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்ட் 17 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு இதற்குத் தண்டனை வைக்கிறது: மதம் மாற்றினாலும், மாற்ற முயன்றாலும், அதற்குத் தூண்டினாலும் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். குற்றவாளி வெளிநாட்டவர் என்றால், தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்துவார்கள். விசா இல்லாமல் வந்தாலும் இந்தியரும் வெளிநாட்டவர்தான்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? தெருவில் நின்று பிரசங்கம் வேண்டாம். கைப்பிரதி விநியோகம் வேண்டாம். வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும், சந்தையில் கிட்டார் வைத்துப் பாடுவதும் வேண்டாம். பொதுமக்களுக்கு அரிசி, போர்வை, நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு அதே இடத்தில் ஜெபம் செய்வது இன்னும் ஆபத்து. ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்ற புகாருக்கு அந்த ஒரு காட்சி போதும். உதவி செய்ய விரும்பினால் உள்ளூர் சபையோ பதிவு பெற்ற நிறுவனமோ வழியாகக் கொடுங்கள், கூட்டத்தோடு அதைக் கலக்காதீர்கள்.

செய்யக்கூடியவையும் நிறையவே உண்டு. சபை விசுவாசிகளுக்கு வேத பாடம் எடுக்கலாம். போதகர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரலாம். பாடகர் குழுவுக்கு இசை, சபைக்குக் கணக்கு எழுதும் முறை, கட்டட வேலை, கணினி, ஒலிபெருக்கி பழுது எனப் பலவும் இருக்கின்றன. உங்கள் சபையில் ஒரு நல்ல மின்பணியாளர் இருந்தால், இன்னொரு பிரசங்கியாரைவிட அவரைக் கூட்டிப்போவது மேல்.

அழைப்பு: ஆறு மாதத்துக்கு முன்

எழுத்தில் அழைப்பு வராமல் எதையும் தொடங்காதீர்கள். "எப்போ வேணும்னாலும் வாங்க பாஸ்டர்" என்ற வாட்ஸ்அப் செய்தி அழைப்பாகாது. அழைக்கும் சபை எது, யார் பொறுப்பாளர், எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன வேலை, எங்கே தங்கல் ஆகிய ஆறும் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதத்தைப் பொறுப்பாளர் கோப்பில் வையுங்கள். எல்லையில் யாராவது கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: இந்தச் சபையின் விருந்தினராக வந்திருக்கிறோம்.

அடுத்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நம்மிடம் ஒரு திட்டம் இருக்கிறது, அதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்பது தலைகீழ் வழி. விருந்தோம்பல் காரணமாக நேபாளப் போதகர்கள் பெரும்பாலும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால் "இது சரியா?" என்று கேட்காமல், "இந்த மூன்றில் எது உங்களுக்கு அதிகம் பயன்படும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு வழி திறந்து வைக்க வேண்டும்.

அங்குள்ள கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1.76 விழுக்காடு. கிராமத்தில் பத்து அந்நிய முகங்கள் ஒரே வீட்டுக்குள் போய் வந்தால் ஊர் முழுக்கத் தெரியும். சில இடங்களுக்கு நான்கு பேர் மட்டும் வந்தால் போதும் என்று அவர்கள் சொன்னால் நான்கு பேர்தான் போக வேண்டும்.

எந்த மாதம்

தமிழ்நாட்டுக் குழுக்கள் வழக்கமாகத் தேர்வது மே மாதம். பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்கள் கிடைப்பார்கள், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தலாம். சிக்கல் என்னவென்றால், நேபாளத்தில் பள்ளி ஆண்டு ஏப்ரல் நடுவில், வைசாக மாதத்தில் தொடங்குகிறது. மே மாதம் அங்குள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பொம்மலாட்டமும் வண்ணத்தாளும் சுமந்து போய், பகலில் காலி அரங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மலைச்சாலைகளில் மண்சரிவு வாடிக்கை. 2024 ஜூலையில் நாராயண்காட்–முக்லிங் சாலையில் சரிவு இரண்டு பேருந்துகளை ஆற்றுக்குள் தள்ளியது. அந்த மாதங்களில் காத்மாண்டுவுக்கு வெளியே சாலைப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் தெற்குச் சமவெளியில் மூடுபனி விமானத்தையும் இரயிலையும் மணிக்கணக்கில் தாமதப்படுத்தும். காத்மாண்டுவில் இரவு வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்கும், வீடுகளில் ஹீட்டர் அரிது.

மிஞ்சுவது மார்ச், அக்டோபர், நவம்பர். அக்டோபரையொட்டி வரும் தசைன் (நம் தசரா) பண்டிகை விடுமுறையில் சபைகள் வாலிபர் முகாம் வைப்பதுண்டு. முகாமுக்குக் கேட்டால் அது நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த வாரம் நாடே சொந்த ஊருக்குப் போகும், பேருந்தில் இடம் கிடைக்காது. வண்டியை இரண்டு மாதம் முன்னரே அமர்த்த வேண்டும்.

ஆட்கள்

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அங்கே ஓடும் ஹையேஸ் வேனில் பத்துப் பேரும் பெட்டிகளும் அடங்கும். பதினோராவது ஆளுக்கு இரண்டாவது வண்டி பிடிக்க வேண்டும்.

பொறுப்பாளர் ஒருவர், பணப் பொறுப்பு இன்னொருவர், மருந்துப் பொறுப்பு மூன்றாமவர். மூன்றையும் போதகர் தலையில் கட்டாதீர்கள். இந்தி சரளமாகப் பேசும் ஒருவராவது வேண்டும். பெண்கள் குழுவில் இருந்தால் குறைந்தது மூவர் இருக்கட்டும். தங்கல் வீடுகள் பிரியும்போது யாரும் தனியாகிவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெற்றோர் உடன் வந்தால் ஒழியச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

புறப்படுமுன் நான்கு சனிக்கிழமை பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு வாரம் சட்டமும் நடத்தையும், ஒரு வாரம் மொழிபெயர்ப்போடு பேசிப் பழகுதல், ஒரு வாரம் இரண்டு நேபாளிப் பாடல்கள், கடைசி வாரம் பெட்டி எடை. நான்கில் இரண்டுக்கு வராதவரைக் கூட்டிப்போக வேண்டாம். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் அங்கே போய்ச் சிக்கலில் மாட்டுகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

ஆவணங்கள்: அதிகம் தவறும் இடம்

இந்தியக் குடிமக்கள் விமானத்தில் நேபாளம் போகக் காலாவதியாகாத பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணைய வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போதாது. கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் வயதைக் காட்டும் வேறு புகைப்பட அடையாள அட்டை ஏற்கப்படும். 15 முதல் 18 வரை உள்ளவர்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்று உண்டு. ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவது தலைவலி இல்லாத வழி. எந்த அட்டையானாலும் அசல் கையில் இருக்கட்டும்.

இனிஷியல் தனிப் பிரச்சினை. வாக்காளர் அட்டையில் தகப்பனார் பெயர் தனி வரியில் இருக்கும். டிக்கெட் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒருவர் இனிஷியலை விரித்துப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார். எல்லோர் அட்டைகளின் நகலையும் ஒருவர் வாங்கி, அட்டையில் உள்ள எழுத்துக்கு எழுத்து பார்த்து, அவர் ஒருவரே டிக்கெட் போடட்டும். பாஸ்போர்ட் இருந்தால் எல்லோரும் பாஸ்போர்ட்டிலேயே போவது சுலபம்.

குழுவில் மலேசிய, சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழர் இருந்தால் அவர்களுக்கு விசா வேண்டும். காத்மாண்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். இலங்கைக் குடிமக்களுக்குச் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் கட்டணமின்றிக் கிடைக்கும். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை, சம்பளமில்லாத வேலைக்கும் இல்லை. அப்படிப்பட்டவர்களைக் கட்டட வேலையில் இறக்காதீர்கள்.

போகும் வழி

விமானத்தில் போனால் தில்லி வழி வழக்கமானது. சென்னை–தில்லியும் தில்லி–காத்மாண்டுவும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், உள்நாட்டு எடை வரம்பும் குறைவு.

இரயிலில் போனால் சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து சுனௌலி எல்லை சுமார் 100 கி.மீ. எல்லையை நடந்தே கடக்கலாம். அந்தப் பக்கம் பைரஹவா. அங்கிருந்து காத்மாண்டுவுக்குச் சாலை நன்றாக இருக்கும் நாளிலும் எட்டுப் பத்து மணி நேரம். மூன்று நாள் உட்கார்ந்து வந்தவர்கள் நான்காம் நாள் காலை பாடம் எடுக்க முடியாது. பத்து நாள் பயணத்துக்கு இரயில் வழி பொருந்துவது, அழைத்த சபை பைரஹவா, புட்வல், லும்பினி பக்கம் இருந்தால் மட்டுமே. எல்லையில் இந்தியருக்கும் விசா வேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்கும் தரகர்களிடம் நிற்காமல் நடங்கள்.

உள்நாட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். காத்மாண்டு–பொக்கராவுக்கு 200 கி.மீ. தான். சாலை வேலை நடந்தால் எட்டு மணி நேரம் பிடிக்கும். இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம்.

பணம்

ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993 முதல் மாறாத விகிதம் இது. நோட்டு விஷயம்தான் குழப்பம். 2018 டிசம்பரில் நேபாளம் 200, 500, 2000 ரூபாய் இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. விதி பின்னர் தளர்ந்து வந்தாலும் கிராமக் கடையில் 500 நோட்டை வாங்கத் தயங்குவார்கள். 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோய், போன உடனே நேபாளப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள். 2024 முதல் யு.பி.ஐ. மூலம் நேபாள நிறுவனமான ஃபோனேபேயின் கியூ.ஆர். பலகையில் கட்டலாம் (பெயர் ஒலித்தாலும் இது நம் ஃபோன்பே அல்ல). நகரத்தில் உதவும், மலையில் நம்பாதீர்கள்.

வரவு செலவில் பலர் மறப்பது அழைத்தவர் செலவு. பத்துப் பேருக்கு ஒரு வாரம் சமைத்துப் போட்டால் சிறு சபையின் பல மாதக் காணிக்கை கரைந்துவிடும். தலைக்கு, நாளுக்கு என்று ஒரு தொகையைப் பேசி, போய் இறங்கும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் கொடுத்தால் அதுவரை அவர்கள் கடன் வாங்கித்தான் அரிசி வாங்கியிருப்பார்கள். மொத்தத்தில் 15 விழுக்காடு அவசரத்துக்கென்று தொடாமல் இருக்கட்டும்.

தனி நபர்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுப்பதை அறவே நிறுத்துங்கள். மனம் இளகி ஒரு வாலிபனின் படிப்புச் செலவை ஏற்பதாக ஒருவர் வாக்குக் கொடுப்பார். ஊர் திரும்பி மூன்றாம் மாதம் பணம் நிற்கும், பழி அந்தப் போதகர் மேல் விழும். கொடுப்பதெல்லாம் குழுப் பொறுப்பாளர் வழியாகச் சபைக் கமிட்டிக்கு, இரசீதோடு.

பெட்டி

ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு தோள்பை. உள்நாட்டுச் சிறு விமானங்களில் எடை வரம்பு குறைவு என்பதால் மொத்தம் 15 கிலோவுக்குள் முடியுங்கள். கழற்ற எளிதான காலணி முக்கியம், சபைக்குள் காலணி கழற்றித் தரையில்தான் உட்கார்வார்கள். மார்ச் மாதத்துக்கும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். டார்ச், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், குளோரின் மாத்திரை, தூங்கும் பை அல்லது தடித்த போர்வை வைத்துக்கொள்ளுங்கள். நம் பிளக்குகள் அங்கே பொருந்தும்.

நேபாளி வேதாகமங்களை இங்கிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுபோகாதீர்கள். காத்மாண்டுவில் நேபாள வேதாகமச் சங்கத்திலேயே வாங்கலாம். சுங்கத்தில் கேள்வி எழாது, பணமும் அங்கேயே சேரும். ஒரே மாதிரிப் பரிசுப் பைகள் ஐம்பது கொண்டுபோனால் வியாபாரச் சரக்கு என்று நிறுத்துவார்கள்.

மருத்துவ முகாம் ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை அளிக்க நேபாள மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு தேவை. மருந்து கொண்டுவர மருந்து நிர்வாகத் துறையின் அனுமதி தேவை. பத்து நாள் குழுவுக்கு இது ஒத்துவராது. உள்ளூர் மருத்துவமனைக்குச் செலவைக் கொடுத்து அவர்களையே முகாம் நடத்தச் சொல்லுங்கள்.

உடல்நலம்

புறப்பட ஆறு வாரத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்து டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகளைச் சரிபாருங்கள். குழாய்த் தண்ணீர் எங்குமே குடிக்கத் தக்கதல்ல, பல் துலக்கவும் கொதித்த நீர். காத்மாண்டு 1,400 மீட்டர், அங்கே உயர நோய் வராது. 2,500 மீட்டருக்கு மேல் போனால் வரலாம். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள், ஜெபித்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம், கீழே இறங்குங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு பங்கு: ஒரு பங்கு தோள்பையில், மறு பங்கு வேறொருவர் பெட்டியில். ஹெலிகாப்டர் மீட்பு உள்ளடங்கிய பயணக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம்.

அங்கே இறங்கிய பின்

வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் பெரும்பாலான சபைகளில் சனிக்கிழமையே. ஞாயிறு வழக்கமாக வேலை நாளாகவே இருந்து வந்தது. வெள்ளி மாலை போய் இறங்கி மறுநாள் ஓய்வெடுக்கலாம் என்று திட்டமிட்டால் முக்கிய ஆராதனையையே இழப்பீர்கள். புதன் இறங்குவது சரி: வியாழன் ஓய்வும் உள்ளூர் போதகரோடு பேச்சும், வெள்ளி ஆயத்தம், சனி ஆராதனை, ஞாயிறு முதல் புதன் வரை மாலை வகுப்புகள், வியாழன் காலியாக, வெள்ளி திரும்புதல். அந்தக் காலி வியாழனை எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், எதிர்பாராத தடை வந்தால் அதுதான் கைகொடுக்கும். 2025 செப்டம்பர் கலவரத்தின்போது காத்மாண்டு விமான நிலையமே மூடப்பட்டது. கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

கைகூப்பி "ஜெய்மசி" சொல்வதே விசுவாசிகளின் வணக்கம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்வது வழக்கம். உணவு நேரம் நம் வயிற்றுக்குப் பழக நாளாகும்: காலை டீ, ஒன்பது பத்து மணிக்குப் பருப்புச் சோறு, மதியம் சிற்றுண்டி, இரவு மறுபடி பருப்புச் சோறு. எட்டு மணிக்கு இட்லி தேடாதீர்கள். பிஸ்கட் பாக்கெட் கையில் இருக்கட்டும். ஊறுகாய் கொண்டுபோங்கள், சமையலறையைக் கைப்பற்றாதீர்கள். மாட்டிறைச்சிப் பேச்சே வேண்டாம், பசு வதை அங்கே குற்றம்.

மொழிபெயர்ப்பில் பேசினால் நேரம் இரட்டிப்பாகும். தமிழிலிருந்து ஆங்கிலம், அதிலிருந்து நேபாளி என்று போனால் மும்மடங்கு. நாற்பது நிமிடச் செய்தியைப் பன்னிரண்டாகச் சுருக்குங்கள். வசன எண்களை முந்தைய நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். எதுகை மோனை, சிலேடை, சினிமா வசனம் எல்லாம் தமிழ்நாட்டு மேடையோடு நிற்கட்டும். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் அவருக்கு வினைச்சொல் எங்கே வருமென்று தெரியாது.

சிறுவர் நிகழ்ச்சிக்கு விசுவாசிகளின் பிள்ளைகள் மட்டும், பெற்றோர் கையெழுத்தோடு. வேடிக்கை பார்க்க வந்த அயல்வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்வது என்று உள்ளூர் ஆசிரியர் முடிவு செய்யட்டும்.

புகைப்படத்தில்தான் நம்மவர்கள் கட்டுப்பாடு இழக்கிறார்கள். ஆராதனை நேரலை, ஞானஸ்நானப் படம், "இத்தனை ஆத்துமாக்கள்" என்ற தலைப்பு, இடத்தின் பெயர் ஆகிய நான்கும் ஒரு பதிவில் சேர்ந்தால் புகார் கொடுப்பவருக்குச் சாட்சி தேடும் வேலையே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் படம் எடுக்கட்டும். அங்கிருக்கும்வரை யாரும் எதையும் பதிவிடக் கூடாது. திரும்பிய பின்னும் முகம், பெயர், ஊர் தெரியாத படங்களை மட்டும், உள்ளூர் போதகர் பார்த்துச் சரி சொன்ன பிறகு.

சிக்கல் வந்தால்

காவல் 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாக் காவல் 1144. காத்மாண்டுவில் இந்தியத் தூதரகம் லைன்சௌரில் இருக்கிறது. எண்களைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வையுங்கள். 2025இல் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியிருந்தால் தொடர்பு அறுந்திருக்கும். இந்திய சிம் ரோமிங் இல்லாமல் வேலை செய்யாது. இருவராவது நேபாள சிம் வாங்குங்கள், அடையாள நகலும் புகைப்படமும் கேட்பார்கள்.

யாராவது வந்து விசாரித்தால் பொறுப்பாளர் மட்டும் பேசட்டும். வாக்குவாதம் வேண்டாம், பொய்யும் வேண்டாம், வீடியோ எடுக்கவும் வேண்டாம். உள்ளூர் போதகர் "கிளம்புங்கள்" என்றால் நிகழ்ச்சி பாதியில் இருந்தாலும் கிளம்ப வேண்டும். அந்த ஊரை அறிந்தவர் அவர். புரியாத மொழித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தூதரகத்துக்குச் சொல்லுங்கள்.

திரும்பிய பின்

இரண்டு வாரத்துக்குள் வரவு செலவை இரு சபைகளுக்கும் அனுப்புங்கள். காய்ச்சல் வந்தால் நேபாளம் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், 2022 முதல் காத்மாண்டுவிலேயே டெங்கு பரவலாக இருக்கிறது. சபையில் சாட்சி சொல்லும்போது அங்குள்ளவர்களின் வறுமையை விவரித்துக் காணிக்கை எடுக்காதீர்கள், அந்தப் பேச்சும் யூடியூபில் ஏறி அவர்கள் கண்ணில் படும்.

ஒரு மாதம் கழித்து அழைத்த போதகரோடு பேசி மூன்று கேள்வி கேளுங்கள்: எது பயன்பட்டது, எது சுமையாக இருந்தது, நாங்கள் போன பின் யாராவது வந்து விசாரித்தார்களா? மூன்றாம் கேள்விக்கு "ஆம்" என்றால் அடுத்த ஆண்டு குழுவை அனுப்பாதீர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து இருவரைப் பயிற்சிக்கு இங்கே வரவழைத்து, அந்தப் பயணச் செலவை உங்கள் சபை ஏற்கட்டும்.